யூரோலீக் நாயகர்கள் என்பிஏ போகலாமா? ரோஸ்டரில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குச் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். ஐரோப்பாவின் பெரிய கூடைப்பந்துப் போட்டியான யூரோலீக்கில் கொடிகட்டிப் பறக்கும் ஓர் ஆட்டக்காரர், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போக வேண்டுமா, வேண்டாமா? ஒவ்வொரு கோடையிலும் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் செய்திகள் வரத் தொடங்கியதும் இந்தச் சண்டையும் தொடங்கிவிடும். "திறமை இருந்தால் அமெரிக்கா போய் நிரூபிக்கட்டும்" என்று ஒரு கூட்டம். "அங்கே போய் பெஞ்சில் உட்காருவதற்கு இங்கேயே ராஜாவாக இருக்கலாம்" என்று இன்னொரு கூட்டம். என்னைக் கேட்டால் இரண்டு பேருமே ஆட்டக்காரரை மட்டும் பார்க்கிறார்கள். அவரைக் கூப்பிடுகிற அணியின் ரோஸ்டரை, அதாவது ஆட்டக்காரர் பட்டியலை, யாருமே திறந்து பார்ப்பதில்லை.

2023 மே மாதம் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் நடந்த யூரோலீக் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ரியால் மாட்ரிட்டும் ஒலிம்பியாகோஸும் மோதின. அன்றைக்கு ஒலிம்பியாகோஸின் சாஷா வெசென்கோவை யாராலும் தடுக்க முடியவில்லை. 29 புள்ளிகள் எடுத்தார். அந்த சீசனின் யூரோலீக் எம்விபியும், அதாவது சிறந்த ஆட்டக்காரரும், அவர்தான். கடைசி சில நொடிகள் வரை ஒலிம்பியாகோஸ் 78, மாட்ரிட் 77. பந்து செர்கியோ யுல் கைக்கு வருகிறது. வயது 35. அந்த ஆட்டத்தில் அதுவரை ஒரு கூடை கூடப் போடாதவர். எதிரே கையை நீட்டிக்கொண்டு தடுப்பாளர் நிற்கிறார். அவருக்கு மேலே எழும்பி, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து, பந்தை உயரமாகத் தூக்கி விட்டார். உள்ளே விழுந்தது. 79-78. மாட்ரிட் சாம்பியன்.

அந்த இரண்டு பேரையும் ஒரு நிமிடம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யுல் 2009 என்பிஏ டிராஃப்டில், அதாவது அணிகள் இரண்டு சுற்றுகளாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 34ஆவது ஆளாகத் தேர்வானவர். எடுத்தது டென்வர். அன்று இரவே அவரை என்பிஏவில் ஆட வைக்கும் உரிமையை ஹூஸ்டன் விலை கொடுத்து வாங்கியது. இரண்டாம் சுற்று ஆளுக்கு அவ்வளவு பணமா என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். ஹூஸ்டன் வருடக்கணக்கில் காத்திருந்தது. யுல் போகவே இல்லை. 2015இல் அவர் கண்டிப்பாகப் போய்விடுவார் என்று செய்தி பரவிய நேரத்தில் மாட்ரிட்டோடு நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வெசென்கோவ் 2017 டிராஃப்டில் 57ஆவது ஆள். உரிமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் சாக்ரமெண்டோவிடம் வந்து சேர்ந்தது. அந்த இறுதி ஆட்டம் முடிந்த கோடையிலேயே விமானம் ஏறிவிட்டார்.

ஏறினாரே, அங்கே என்ன ஆயிற்று? சாக்ரமெண்டோவில் அவர் ஆட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஹாரிசன் பார்ன்ஸுக்கு அதே கோடையில் புது ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். கீகன் மரே அதற்கு முந்தைய சீசனில் புதுமுக ஆட்டக்காரருக்கான த்ரீ பாயின்ட்டர் (தொலைவிலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை) சாதனையை உடைத்த பையன். இந்த இருவரையும் உட்கார வைத்துவிட்டு எந்த கோச் வெசென்கோவை இறக்குவார்? ஆட்டத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் அளவில்தான் கிடைத்தது. நடுவில் காயங்களும் சேர்ந்துகொண்டன. ஒரு சீசன் முடிந்ததும் டொரோண்டோவுக்கு ட்ரேட். அங்கே ஓர் ஆட்டம் கூட ஆடாமல், ஒப்பந்தத்தை விட்டுக் கொடுத்துவிட்டு ஒலிம்பியாகோஸுக்கே திரும்பினார். "பார்த்தீர்களா, என்பிஏ தரம் இல்லை" என்று சொன்னார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில், அதிலும் மூலையில் நின்று பந்து வருமா வராதா என்று காத்திருக்கும் பன்னிரண்டு நிமிடத்தில், எந்தத் தரத்தைக் காட்ட முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் ஆட்டமே கொஞ்சம் வேறு. யூரோலீக் ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ 48. யூரோலீக்கில் தடுப்பாளர் கூடைக்கு அடியிலேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்பிஏவில் யாரையும் நேரடியாகத் தடுக்காமல் அங்கே மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதனால் களம் அகலமாகிவிடுகிறது. வேகமாக ஓடுபவனை ஒற்றை ஆளாக நின்று தடுக்க வேண்டியிருக்கிறது, பின்னால் உதவிக்கு ஆள் இல்லை. முப்பதை நெருங்கும் ஒருவர் வந்து இறங்கியதும் எதிரணி கோச் முதலில் செய்வது, அவர் யாரைத் தடுக்கிறாரோ அவரிடம் பந்தைக் கொடுப்பதுதான். வெசென்கோவுக்கும் அதுதான் சிரமமாக இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆனால் இது பழகக் கூடிய விஷயம். பழகுவதற்கு நிமிடங்கள் வேண்டும், நிமிடங்களுக்கு ரோஸ்டரில் இடம் வேண்டும்.

இந்த உரிமை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான். டிராஃப்டில் ஓர் அணி உங்களை எடுத்துவிட்டால், என்பிஏவில் நீங்கள் அந்த அணிக்கு மட்டும்தான் ஆட முடியும். நீங்கள் வெளிநாட்டிலேயே ஆடிக்கொண்டிருந்தாலும் உரிமை அவர்களிடமே இருக்கும். அவர்கள் விரும்பினால் இன்னோர் அணிக்கு ட்ரேட் செய்யலாம், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. அணிக்கு இதில் லாபம்தான். ரோஸ்டரில் இருப்பது பதினைந்து இடம், அதில் ஒன்றும் செலவாகாது. ஆளை வளர்க்கும் பொறுப்பும் சம்பளமும் ஐரோப்பிய கிளப் தலையில். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு அட்டவணை போட்ட சம்பளம்தான் உண்டு. ஆனால் மூன்று சீசன் காத்திருந்து வந்தால் அந்த அட்டவணை கட்டுப்படுத்தாது, பேரம் பேசலாம். டியாகோ ஸ்பிளிட்டரை சான் அன்டோனியோ 2007இல் எடுத்தது, அவர் வந்தது 2010இல். நிகோலா மிரோட்டிச் 2011இல் தேர்வாகி 2014இல் சிகாகோ வந்தார். இரண்டிலும் அந்த மூன்று வருடக் கணக்கைப் பார்க்கலாம்.

சான் அன்டோனியோ பெயர் வந்துவிட்டது, அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலியைச் சொல்லாமல் நகர முடியாது. 1999இல் 57ஆவது ஆள். இத்தாலியில் போலோன்யா அணிக்கு ஆடி 2001இல் யூரோலீக் வென்று, 2002இல் சான் அன்டோனியோ வந்தார். முதல் சீசனிலேயே சாம்பியன், மொத்தம் நான்கு பட்டம். அதே அணியிடம் அதே அர்ஜென்டினாவின் லூயிஸ் ஸ்கோலாவின் உரிமையும் இருந்தது. அவருடைய ஸ்பெயின் கிளப் கேட்ட விடுவிப்புத் தொகை பெரியது என்பதால் இழுத்தடித்து, கடைசியில் 2007இல் ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்கோலா ஹூஸ்டன் போன முதல் சீசனிலேயே அந்த அணி தொடர்ந்து 22 ஆட்டங்கள் வென்றது. சான் அன்டோனியோவின் நட்சத்திரம் டிம் டங்கன் பக்கத்தில் ஸ்கோலா என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

இப்போது என்னை அதிகம் உறுத்துகிற ஆளுக்கு வருகிறேன். வாசிலியே மிட்சிச். 2014இல் 52ஆவது ஆளாக ஃபிலடெல்பியா எடுத்தது. 2020 டிசம்பரில் அல் ஹார்ஃபோர்டு ட்ரேட்டில் அவருடைய உரிமையும் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. அதே சீசனில் அவர் இஸ்தான்புல்லில் அனடோலு எஃபெஸ் அணிக்கு ஆடி யூரோலீக் எம்விபி ஆனார். 2021, 2022 இரண்டு வருடமும் கோப்பை அவர் அணிக்கு. 2022 அரையிறுதியில் ஒலிம்பியாகோஸுக்கு எதிராக ஆட்டம் முடியும் நொடியில் போட்ட த்ரீ பாயின்ட்டரை இப்போது பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாது. முழு ஆட்டமும் அவர் கையில் ஓடும். எப்போது வேகம் கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதெல்லாம் அவர் முடிவு.

அப்படிப்பட்டவர் 2023இல் ஓக்லஹோமா போனார். அங்கே பந்து ஷாய் கில்ஜஸ் அலெக்சாண்டர் கையில், அடுத்து ஜோஷ் கிடி, அடுத்து ஜேலன் வில்லியம்ஸ். நாலாவது கையாக மிட்சிச். வேலை மூலையில் நிற்பது. பிப்ரவரியில் கார்டன் ஹேவர்டு ட்ரேட்டில் சார்லட் போனதும் என்ன நடந்தது தெரியுமா? அங்கே லமெலோ பால் காயத்தில் இருந்தார், பந்து மிட்சிச் கைக்கு வந்தது. ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளிக்கு மேல், ஆறு அசிஸ்ட்டுக்கு (கூடை விழ வைக்கும் பாஸ்) மேல். சில வாரங்களுக்கு முன்னால் பெஞ்சில் இருந்த அதே மனிதர்! அடுத்த சீசனில் பால் திரும்பினார், மிட்சிச்சின் பங்கு மறுபடி சுருங்கியது. ஃபீனிக்ஸுக்கு ட்ரேட். 2025 கோடையில் யூரோலீக்குக்கே திரும்பிவிட்டார். அவர் 2023இல் தேர்ந்தெடுத்த அணி தவறு என்பதே என் கருத்து. ஆனால் தேர்ந்தெடுக்க அவருக்கு எங்கே வாய்ப்பு இருந்தது? உரிமை யாரிடமோ அங்கேதானே போக முடியும். ஐரோப்பாவில் பல வருடம் நிரூபித்துவிட்டு வருபவருக்கு, எந்த அணி என்பதைத் தானே முடிவு செய்யும் சுதந்திரம் வேண்டும். டிராஃப்டாகி ஐந்து வருடம் வராவிட்டால் உரிமை தானாகக் காலாவதி ஆக வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

சுதந்திரம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கெர்ஷோன் யாபுசெலே. முதல் தடவை பாஸ்டனில் இரண்டு சீசன் இருந்தார், எடுபடவில்லை, விட்டுவிட்டார்கள். சீனா, பிரான்ஸ் என்று ஆடி ரியால் மாட்ரிட் வந்தார். பாரிஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸ் தலைக்கு மேல் டங்க் போட்டாரே, அவரேதான். அப்போது அவருடைய உரிமை யாரிடமும் இல்லை. பிடித்த அணிக்குப் போகலாம். மாட்ரிட் கேட்ட பைஅவுட், அதாவது விடுவிப்புத் தொகை, 25 லட்சம் டாலர். ஃபிலடெல்பியா கொடுத்த ஒரு வருட ஒப்பந்தம் சுமார் 21 லட்சம் டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள், சம்பளத்தைவிட விடுபடும் தொகை அதிகம். என்பிஏ விதிப்படி பைஅவுட்டில் அணி தன் பங்காகக் கொடுக்க முடிந்தது பத்து லட்சத்துக்கும் குறைவு. மீதி அவர் கைக்காசு. ஆனாலும் போனார், ஏனென்றால் அங்கே தனக்கு ஆட இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். ஃபிலடெல்பியாவின் நட்சத்திரம் எம்பீட் அந்த சீசனில் 19 ஆட்டம்தான் ஆடினார், யாபுசெலேவுக்கு நிமிடங்கள் கொட்டின. சராசரியாக 11 புள்ளி. அடுத்த கோடையில் நியூயார்க்கில் பல மடங்கு பெரிய ஒப்பந்தம். ஓர் ஆட்டக்காரர் தன் காசைப் போட்டு எடுத்த முடிவு இது. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

"டென்வர் நட்சத்திரம் நிகோலா யோகிச்சும் இரண்டாம் சுற்றுதானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், 2014இல் 41ஆவது ஆள். டிவியில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெல்கிரேடில் மெகா அணிக்கு இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடி, அட்ரியாட்டிக் லீக் எம்விபி ஆகிவிட்டு, 2015இலேயே டென்வர் வந்துவிட்டார். அப்போது வயது இருபது. டென்வர் அந்த நேரத்தில் தோற்றுக்கொண்டிருந்த அணி, தவறு செய்தாலும் களத்தில் விட்டு வைத்தார்கள். வெசென்கோவ் போனது 27 வயதில், மிட்சிச் போனது 29இல். இரண்டு அணிகளும் ஜெயித்துக்கொண்டிருந்த அணிகள், பொறுமைக்கு நேரம் இல்லை. புரூக்ளினை நான் பாராட்டுவது இதற்காகத்தான். 2025 டிராஃப்டில் முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேரை எடுத்தார்கள். பிரான்சிலிருந்து நோலான் டிராவோரே, ஜெர்மனியின் உல்ம் அணியிலிருந்து பென் சராஃப் இருவரையும் அங்கேயே விட்டு வைக்காமல் உடனே கூட்டி வந்தார்கள். இளம் பையன்கள், ஜெயிக்கும் அவசரம் இல்லாத அணி, நிமிடங்கள் காலியாக இருக்கின்றன. இப்படித்தான் கூப்பிட வேண்டும்.

இப்படிச் சொல்வதால் யுல் மாதிரி போகாமல் இருப்பவர்களைக் கோழை என்று சொல்லாதீர்கள். ஒரு கிளப்பில் பதினைந்து வருடத்துக்கு மேல், பல கோப்பைகள், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அதைவிட்டு வர அவருக்கு என்ன காரணம் வேண்டும்? அர்விதாஸ் சபோனிசை நினைத்துப் பாருங்கள். 1986இல் போர்ட்லாண்ட் எடுத்தது, சோவியத் அனுப்பவில்லை. 1995இல் வந்தபோது காயங்களால் கால் தேய்ந்துபோயிருந்தது. போவதா வேண்டாமா என்ற கேள்வியே அவரிடம் விடப்படவில்லை. அவருடைய மகன் டொமாண்டாஸ்தான் சாக்ரமெண்டோவில் வெசென்கோவோடு ஆடினார். அவர் அப்பா போர்ட்லாண்டில் ஆடிய காலத்தில், அந்த ஊரிலேயே பிறந்த பையன்.

அடுத்த கோடையில் ஏதாவது யூரோலீக் எம்விபி பெயர் ட்ரேட் செய்தியில் அடிபட்டால், அவருடைய ஹைலைட்ஸ் பார்ப்பதற்கு முன்னால் கூப்பிடும் அணியின் ரோஸ்டரைத் திறந்து, அவர் ஆடும் இடத்தில் ஏற்கெனவே யார் இருக்கிறார், அவருக்கு இன்னும் எத்தனை வருட ஒப்பந்தம் என்று பாருங்கள். நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஸ்கோலா ட்ரேட்டை இன்றைக்கு அவசரமாகத் தொட்டுவிட்டுப் போய்விட்டேன். பதிலுக்கு வந்த ஸ்பனூலிஸ் கிரீஸுக்கே திரும்பிப் போன கதையும் அதில் இருக்கிறது. அடுத்த வீடியோவில் அதை மட்டும் முழுசாகப் பேசுகிறேன். வணக்கம்.