நீதிபதியைப் பற்றிய படத்தில் யார் யார் பேச வேண்டும்?

அடுத்த கேள்வி ஆரியங்காவிலிருந்து வந்திருக்கிறது. அனுப்பிய தங்கை, கல்லூரித் தோழிகளோடு சேர்ந்து, நம் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கப் போகிறாராம். "அக்கா, படத்தில் எல்லாத் தரப்பும் இருக்க வேண்டும் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். அதற்காக ஒரு தமிழர், ஒரு தலித், ஒரு தோட்டத் தொழிலாளி என்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேச வைத்தால் ஒட்ட வைத்தது மாதிரி தெரியாதா? அவரே முஸ்லிம் பெண்தானே, அது போதாதா?" என்று கேட்கிறார்.

ஒட்ட வைத்தால் அப்படித்தான் தெரியும், தங்கச்சி. ஆனால் அந்த நீதிபதியின் வாழ்க்கையில் ஏற்கெனவே இருந்தவர்களைப் படம் விட்டுவிடக் கூடாது. நான் சொன்னது அதைத்தான்.

அமெரிக்க நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் பற்றி 2018ல் 'ஆர்பிஜி' என்ற ஆவணப்படம் வந்தது. அதில் வழக்குப் போட்டவர்களே வந்து பேசுவார்கள். ஸ்டீபன் வீசன்ஃபெல்ட் என்று ஒருவர். மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டார். கைக்குழந்தையை வளர்க்க அரசு உதவித்தொகை கேட்டால், அது தாய்க்குத்தான், தகப்பனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கின்ஸ்பர்க் அப்போது வக்கீல். அவருக்காக வாதாடி 1975ல் ஜெயித்தார். பெண்ணுரிமையைப் பற்றிய படத்தில் இந்த ஆண் எதற்கு என்று பார்க்கிறவர் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் இல்லாமல் அந்த வழக்கே இல்லையே! அப்புறம், அந்தப் படத்தின் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை எல்லாமே பெண்கள் கையில் இருந்தன. கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது நம் பாத்திமா பீவிக்கு வருவோம். பத்தனம்திட்டா ராவுத்தர் குடும்பத்துப் பெண். 1950ல் வக்கீலாகப் பதிந்து கொல்லத்தில் தொழில் தொடங்கினார். 1958ல் முன்சீப், அதாவது கீழ்க் கோர்ட் நீதிபதி. கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது 1983ல். உச்ச நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியாக உட்கார்ந்தது 1989 அக்டோபரில். அங்கே இருந்தது இரண்டரை வருடம்தான். நீங்கள் டெல்லியில் படத்தைத் தொடங்கினால் அவருடைய உழைப்பில் பெரும்பகுதி கீழ்க் கோர்ட்டுகளிலேயே விடுபட்டுப் போகும். முன்சீப் கோர்ட் என்றால் வரப்புத் தகராறு, வாடகை பாக்கி, பாகப்பிரிவினை. அப்படிப்பட்ட வழக்கோடு அவர் முன்னால் நின்றவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பழைய வக்கீல் குமாஸ்தாக்கள், டவாலிகள்... இவர்களைத் தேடிப் போங்கள். தேடினாலே சாதி, மதம், மொழி எல்லாம் தானாக உள்ளே வரும்.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அத்தை புனலூர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். ஒரு கூலி வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறித் தமிழில் சொன்னார். எழுதிக்கொண்டது மலையாளத்தில். சரியாக வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். "நான் சொன்னதுதான் அதில் இருந்ததா?" என்று சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் படத்திலும் அது நடந்துவிடக் கூடாது. தமிழில் பேசுகிற அம்மாவின் குரலை அமுக்கி மேலே வேறு குரலைப் போடாதீர்கள். அவர் பேசுவது முழுக்கக் கேட்கட்டும், கீழே எழுத்தில் மொழிபெயர்ப்பு வரட்டும். வக்கீலுக்குப் பெயரும் பட்டமும் போட்டுவிட்டு அந்த அம்மாவுக்கு வெறுமனே 'தொழிலாளி' என்று போடாதீர்கள். முழுப் பெயர் போடுங்கள்.

இன்னொன்று. நம் தமிழ் ஜனங்களில் பலருக்கு அவரைத் தமிழக ஆளுநராகத்தான் தெரியும். 1997ல் வந்தார். 2001 மே மாதம், ஊழல் வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவை முதல்வராகப் பதவியேற்க வைத்தார்; அடுத்து கருணாநிதி கைதானதைப் பற்றி அவர் அனுப்பிய அறிக்கையில் மத்திய அரசு அதிருப்தி அடைந்ததால் ஜூலையில் அவரே விலக வேண்டி வந்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்றது. தான் உட்கார்ந்த அதே நீதிமன்றம்! அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனாலும் இதை நீங்கள் மறைக்கக் கூடாது. அன்று அவரைக் குறை சொன்னவர்களையும், அவர் செய்தது சரி என்று நினைத்தவர்களையும் கூப்பிட்டுப் பேச வையுங்கள்.

படத்தொகுப்பு முதல் சுற்று முடிந்ததும், கல்லூரி அரங்கில் காட்டுவதற்கு முன்னால், படத்தில் பேசிய அந்த அம்மாக்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். "நான் சொன்னது இதுதானா?" என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.