தண்ணி குடிக்காத கங்காரு எலி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவுல அரிசோனா பக்கம் சோனோரா பாலைவனம் இருக்கு, அங்க மண்ணுல வளை தோண்டி வாழுற கங்காரு எலியப் பத்திதான் இன்னிக்கு பேசப்போறேன். பேருதான் கங்காரு, ஆஸ்திரேலியாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பின்னங்கால் நீளம், தவ்வித் தவ்வி ஓடும், அவ்வளவுதான். மெரியம்னு ஒரு வகை, எடை சுமார் 40 கிராம்தான் வரும்.

தண்ணியே குடிக்காம, வெறும் காய்ஞ்ச விதையத் தின்னே இது காலத்த ஓட்டிரும். உடனே எல்லாரும் என்ன நினைப்பாங்கன்னா உடம்புக்குள்ள எங்கயோ தண்ணிய ஸ்டாக் வச்சிருக்குன்னு. 1940கள் கடைசியில நட் ஷ்மிட்-நீல்சன்னு ஒரு விஞ்ஞானி, அவரோட மனைவி போடில், ரெண்டு பேரும் இதுங்களுக்கு காய்ஞ்ச பார்லிய மட்டும் போட்டு வாரக்கணக்குல வச்சிருந்து பாத்தாங்க, ஸ்டாக்கும் இல்ல, உடம்புல இருக்குற தண்ணி குறையவும் இல்ல.

அப்ப தண்ணி எங்கருந்து வருது? சாப்பாட்டுல இருக்குற ஹைட்ரஜன் மூச்சுல இழுக்குற ஆக்சிஜனோட சேந்து உடம்புக்குள்ளயே தண்ணியா மாறுது, 100 கிராம் பார்லிக்கு கிட்டத்தட்ட 54 கிராம் தண்ணி! இதுல பெரிய மாயமெல்லாம் இல்ல, நம்ம உடம்புலயும் இதேதான் நடக்குது, ஆனா நாம வேர்வை, மூச்சு, சிறுநீர்னு ஊதாரித்தனமா செலவு பண்றோம். இந்த எலிக்கு வேர்வைங்குற பேச்சே இல்ல. சிறுநீர் நம்மளத விட நாலு மடங்கு அடர்த்தி. மூக்கு எப்பவும் குளுகுளுன்னு இருக்கும், வெளிய போற மூச்சுல உள்ள ஈரம் அங்கயே படிஞ்சு திரும்ப உடம்புக்கே போயிரும், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம்.

பகல் பூரா வளைக்குள்ளதான், பல நேரம் வாசல மண்ணு போட்டு அடைச்சிட்டுப் படுத்துக்கும். உள்ள வெயிலும் இல்ல, காத்துல ஈரமும் ஜாஸ்தி. கன்னத்துல ரோமம் வச்ச பை இருக்கு, அது வாய்க்குள்ள திறக்காது, அதனால விதைய அள்ளிட்டு வரும்போது எச்சில்கூட வீணாகாது. கஞ்சத்தனம்னா இதுதாங்க.

இன்னொரு சோதனை சொல்றேன். பார்லிக்குப் பதிலா சோயா மட்டும் போட்டாங்க, அதுல புரதம் அதிகம், அதனால உடம்புல யூரியாங்குற கழிவு ஏறும், அத வெளியேத்த தண்ணி பத்தாது. அப்ப கடல் தண்ணிய வச்சுப் பாத்தா, குடிச்சிட்டு ஜம்முனு இருந்துச்சு! நாம குடிச்சா தாகம்தான் கூடும்.

பாய வர்ற பாம்ப அந்தரத்துலயே உதைச்சுத் தள்ளுற கதையும் இருக்கு, ஆனா டைம் ஆச்சுன்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுறாங்க. வரேங்க, நன்றி.