மாமியாரின் முழங்காலும் செஞ்சிக் கோட்டையும்

வணக்கம் மக்களே. எனக்கு மூச்சு வாங்குவது மைக்கில் கேட்கிறதா? கேட்கட்டும். இப்போதுதான் ராஜகிரியிலிருந்து இறங்கி வந்தேன். மணி 11.45. செஞ்சிக் கோட்டைக்குள்ளே கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். பெரியவன் ஷூவைக் கழற்றிக் கல்லைத் தட்டிக்கொண்டிருக்கிறான். சின்னவள் அப்பா மடியில் தூங்கிவிட்டாள். அத்தை, அதாவது என் மாமியார், அதோ அந்தக் களஞ்சியத்துப் பக்கம் உட்கார்ந்து யாரோ ஒரு அம்மாவுடன் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். என்னைப் பற்றித்தான். நல்லதாக இருக்கும் என்று நம்புவோம்.

போன மாதம் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்: குழந்தைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு கோட்டை, அரண்மனை என்று எப்படிப் போகிறீர்கள், சண்டை வராதா? வரும். வராமல் இருக்குமா? ஆனால் ஒரு விஷயத்தை மாற்றிய பிறகு பாதி குறைந்தது. முன்பெல்லாம் கூகுளில் இடத்தைப் பார்த்துத் திட்டம் போடுவோம். இப்போது முதலில் அத்தையின் முழங்காலையும் சின்னவளின் காலையும் பார்க்கிறோம், அப்புறம்தான் இடம். ஒரு நாளைக்கு ஒரே இடம். போகிற வழியில் இன்னும் இரண்டு இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் ஆரம்பிப்பார். காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

செஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, மூன்றையும் வளைத்துப் போட்ட மதில். உயரமானது ராஜகிரி, சுமார் 800 அடி. படிகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். முழங்கால் வலிக்கிறவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். அத்தை ஏறவே இல்லை. அதற்காக அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டா போனோம்? இல்லை. கீழ்க்கோட்டையிலேயே அரை நாளைக்குப் பார்க்க இருக்கிறது. இதோ பின்னால் தெரிகிறதே, அடுக்கடுக்காகக் கூம்பு மாதிரி எழும்புகிறதே, இதுதான் கல்யாண மகால். சுற்றிலும் சதுரமாக அறைகள், நடுவில் கோபுரம். அந்தப் பக்கம் யானைக்குளம், குதிரை லாயம், அப்புறம் நெற்களஞ்சியங்கள். களஞ்சியத்துக்குள் போய் ஒரு தடவை கத்திப் பாருங்கள். மேலே வளைவுக் கூரை, சத்தம் திரும்பி வந்து தலையில் விழும். என் மகள் அதிலேயே இருபது நிமிடம் ஓட்டினாள்.

கொஞ்சம் தள்ளி வெங்கடரமணர் கோயில் இருக்கிறது. அங்கே கோபுர வாசலில் ராமாயணம், பாற்கடல் கடைவது எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். அத்தை அதை ஒவ்வொன்றாகப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் ஞாபகம் இருக்கிறதா? அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவைதான். அதைச் சொன்னதும் பெரியவன் கேட்டான், "திருப்பிக் கேட்கலாமே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

சரி, மேலே ஏறுகிறவர்களுக்கு. தாம்பரத்திலிருந்து காலை 5 மணிக்குக் கிளம்பினோம். திண்டிவனத்தில் இட்லி, அங்கிருந்து திருவண்ணாமலை ரோட்டில் திரும்பினால் செஞ்சி. கேட் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி ஆகிவிடும், நேரம் போய்விட்டால் மேலே விடவும் மாட்டார்கள். மத்தியத் தொல்லியல் துறை இடம் என்பதால் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டிக்கெட் கிடையாது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடம் வரும், அங்கே நின்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும், 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், இந்தப் பக்கம் எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் சும்மா பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். "அப்போ எப்படிம்மா பிடிச்சாங்க?" என்றான் பெரியவன். சிவாஜி 1677-இல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ள, ஔரங்கசீப்பின் படை கீழே முற்றுகை போட்டது. 1690-இல் ஆரம்பித்தது 1698-இல்தான் முடிந்தது. கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். எட்டு வருடம்! "அப்போ நான் மூணாவது படிக்கிறப்ப ஆரம்பிச்சா பிளஸ் ஒன் வரைக்கும் சண்டையா?" என்று கணக்குப் போட்டான். பாடப் புத்தகத்தில் படித்தால் இது ஏறுமா சொல்லுங்கள்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா கதையும் சொன்னேன். 1714-இல் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டுச் செத்தபோது அவருக்கு இருபத்துச் சொச்சம் வயதுதான். கதைப்பாட்டில் வரும் குதிரை பாராசாரியைத்தான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இறங்கி வரும் வழியெல்லாம் குதிரைக்குச் சாப்பாடு யார் போட்டது என்றே கேள்வி. 2025-இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். நம் பக்கம் இருப்பது இது ஒன்றுதான்.

ஐயோ, இருங்கள்... ஏங்க, அந்தப் பையைப் பிடிங்க! பார்த்தீர்களா? குரங்கு. இதைச் சொல்லத்தான் வந்தேன், அதற்குள் அதுவே வந்து சொல்லிவிட்டது. பாலித்தீன் கவர் சரசரத்தால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடும். அதனால்தான் இந்தத் தூக்கு. இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். எங்கள் அம்மாவின் பழைய எவர்சில்வர் தூக்கு, மூன்று அடுக்கு. மேலே தயிர்சாதம், நடுவில் புளிச்சாதம், கீழே உருளைக்கிழங்கு வறுவல். பக்கவாட்டுக் கொக்கியைப் போட்டுவிட்டால் குரங்குக்கும் திறக்க வராது, என் வீட்டுக்காரருக்கும் திறக்க வராது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். மலை மேலே கடை கிடையாது. ஏறும்போது சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போகவே போகாதீர்கள், கீழே வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் வார விடுமுறை. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்குப் பிறந்த வீடு நாகர்கோவில். தக்கலை பக்கத்தில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. எங்கள் ஊரில் கொட்டாரம் என்போம். இருக்கிற இடம் கன்னியாகுமரி மாவட்டம், பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. போன மே மாதம் மாமியார் வீட்டாரை எல்லாம் இரண்டு வண்டியில் ஏற்றி, "எங்க ஊரு, எனக்குத் தெரியாதா" என்று பெருமையாகக் கூட்டிப்போனேன். கதவு பூட்டு. திங்கட்கிழமை! திங்கட்கிழமை லீவு என்பது ஊரில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாதது இருக்கிறதே, அதுதான். மறுநாள் மறுபடி போனோம். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளே எந்தக் கிழமை லீவு, மதியம் டிக்கெட் நிறுத்துவார்களா என்று பார்த்துவிடுங்கள்.

ஆனால் போனால் விடாதீர்கள். வெயில் காலத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முழுக்க மரவீடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் அந்தக் கறுப்புத் தரையில் கால் வைத்ததுமே ஜில்லென்று இருக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்பார்கள், குனிந்தால் முகம் தெரியும். ராஜா ஆலோசனை நடத்தின மந்திரசாலையின் ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மைக்கா. ஊட்டுப்புரையில் 2000 பேர் சாப்பிடலாமாம். சின்னவள் உடனே, "பாத்திரம் யார் கழுவினாங்க?" பெண் பிள்ளை கேட்கிற கேள்வியைப் பாருங்கள். ஆனால் மரப்படிகள் செங்குத்து, குறுகல். அத்தை பாதியில் திணறிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டு பெரியவர்களைக் கூட்டிப்போங்கள்.

முழங்கால் ரொம்பவே முடியாதவர்கள் இருந்தால் வேலூர்க் கோட்டை. எல்லாம் சமதரை, சுற்றி அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். பெரியவர்கள் கோயிலில் உட்காரட்டும், நீங்கள் பிள்ளைகளுக்கு 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலகத்தைச் சொல்லுங்கள். திப்புவின் குடும்பத்தையும் கண்டியின் கடைசி ராஜாவையும் காவலில் வைத்திருந்ததும் அங்கேதான்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது மியூசியம் இல்லை, மக்களே. வீடு. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், சாவி யாரிடமோ இருக்கும். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். விடுதியாக மாறின பழைய வீடுகள் சில இருக்கின்றன. முன்னாடியே போன் போட்டு மதியச் சாப்பாடு சொல்லிவிட்டால் முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். அப்படியே ஆத்தங்குடிக்குப் போய் டைல்ஸ் போடுவதைக் காட்டுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். என் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்ப ஐஸ்கிரீம் லஞ்சம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அத்தை கையைக் காட்டுகிறார். பசி வந்துவிட்டது போல. கிருஷ்ணகிரியையும் ஏறிவிடலாமா என்று இவர் கேட்கிறார், கேட்டீர்களா? ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் சொன்னேன். நான் போய் இந்தத் தூக்கைத் திறக்கிறேன். அடுத்த வீடியோ வேலூரிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை.