இங்கிலீஷுக்கு போனின் காது

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலீஷ் கற்க போன் உதவுகிறதா என்று மாணவர்களைக் கேட்டால், "அர்த்தம் பார்ப்போம், வீடியோ பார்ப்போம்" என்பார்கள். எல்லாம் பார்ப்பதுதான். வகுப்பில் எழுந்து பேசக் கூச்சம் என்பதும் உண்மை. ஆனால் தப்பாகச் சொன்னால் சிரிக்காத ஆள் சட்டைப் பையிலேயே இருக்கிறாரே! நாம் சொல்வதைக் கேட்டு எழுத்தாக்கிக் காட்டும் போன்தான் அந்த ஆள்.

குண்டூசிக்கு இங்கிலீஷில் பின். குப்பைத்தொட்டிக்கும் பின். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான், இங்கிலீஷில் முதல் ஒலி வேறு வேறு. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. மேல்சட்டையும் ஆடும் இப்படித்தான், இரண்டுமே கோட். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கு இது எளிது. அந்த மொழிகளில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு.

கீபோர்டு செட்டிங்கில் மொழியை இங்கிலீஷ் இந்தியா என்று வையுங்கள். நோட்ஸைத் திறந்து, மைக் படத்தை அழுத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு சொல்லை மட்டும் 5 முறை, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். திரையில் 4 முறை சரியாக விழுந்தால் அடுத்த சொல். ஃபேனை நிறுத்திவிடுங்கள், அந்த இரைச்சலிலும் சொல் மாறி விழும்.

முழு வாக்கியமாகச் சொல்லிச் சோதித்தால் ஏமாந்து போவீர்கள். ஆடு புல் தின்கிறது என்று இங்கிலீஷில் சொல்லும்போது ஆட்டைச் சட்டையாக உச்சரித்தாலும், பக்கத்தில் புல் இருப்பதைப் பார்த்து போன் ஆடு என்றே எழுதிவிடும். தனிச் சொல்லிலும் அது வழக்கமான சொல்லைத்தான் முதலில் ஊகிக்கும். அதனால்தான் 5 முறை.

குண்டூசி குப்பைத்தொட்டியாகவே விழுகிறதா? ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடியுங்கள். குண்டூசிக்குக் காகிதம் படபடக்க வேண்டும், தொட்டிக்கு அநேகமாக அசையக் கூடாது. தமிழில் பல், பால் என்று சொல்லும்போது அந்தக் காற்று அவ்வளவாக வராது. அதே பழக்கத்தில் இங்கிலீஷ் சொல்லையும் சொன்னால், கேட்பவர் காதில் அது தொட்டியாகிவிடும்.

வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பா வந்த பிறகுதான் கைக்கு வரும் என்றால், பகலில் காகிதப் பயிற்சி போதும். 6 சொற்களை நோட்டில் எழுதி வைத்திருந்தால், ராத்திரி 10 நிமிடத்தில் மைக் வேலை முடிந்துவிடும்.