நள்ளிரவு முதல் நான்கு மணி வரை

அன்பான நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரின் மகன் நான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடும்போது ஆள் அங்கே நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன். ஆகவே, 1974ஆம் ஆண்டில் பதினெட்டு வயதில் மலேசியக் கடற்படையில் சேர்ந்தபோது, அங்கேயும் பெரட்டு உண்டு என்று கேள்விப்பட்ட என் தகப்பனார், "அப்படியானால் நீ பிழைத்துக்கொள்வாய்" என்று ஒரே வரியில் விடை கொடுத்தார். அந்தக் கடற்படையில் நான் 22 ஆண்டுகள் இருந்தேன். அங்கே கற்ற ஒரேயொரு பழக்கத்தைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

எங்களுக்கான பயிற்சித் தளம் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்தது. சிங்கப்பூர் 1965இலேயே தனிநாடாகிவிட்டது என்றாலும், நம் கடற்படையின் கேடி மலாயா தளம் அங்கேயே இயங்கிவந்தது. கேடி என்பது 'அரச கப்பல்' என்னும் பொருளுள்ள மலாய்ச் சொற்களின் சுருக்கம். அதனால் பட்டர்வொர்த்தில் ரயிலேறிய நான், வாழ்நாளில் முதல்முறையாக எல்லையைத் தாண்டியதே என் நாட்டுக்குப் பணியாற்றத்தான். இரவில் நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாருவின் விளக்குகள் தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டு வீட்டை நினைத்து அழுத பையன்களில் நானும் ஒருவன். அப்போது கடற்படையின் தளபதியாக இருந்தவர் ஒரு தமிழர், கே. தனபாலசிங்கம். 1967 டிசம்பரில் 31 வயதில் அப்பொறுப்பை ஏற்ற அவரே அப்பதவிக்கு வந்த முதல் மலேசியர். அதற்கு முன் பிரிட்டிஷ் அதிகாரிகளே தலைமை வகித்தார்கள். நாளிதழில் வந்த அவருடைய படத்தை என் தாயார் வெட்டியெடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார்.

பயிற்சி முகாம் என்றால் ஓட்டம், நீச்சல், அணிவகுப்பு ஆகியவை நேயர்களின் நினைவுக்கு வரும். அவை எல்லாம் இருந்தன. ஆனால், ஓய்வு பெற்ற நாங்கள் கூடும்போது அவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெள்ளைக் கேன்வாஸ் காலணிக்குச் சுண்ணம் பூசி, அது காயும்வரை வெறுங்காலோடு அதன் பக்கத்திலேயே காவலிருந்ததைப் பேசுவோம். சட்டை, துண்டு, காலுறை யாவற்றையும் ஒரே அகலத்துக்கு மடித்துக் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்ததைப் பேசுவோம். சிம்புல் திண்டே காசே என்னும் முடிச்சைப் பேசுவோம். வானொலியில் அதைப் போட்டுக் காட்ட இயலாது. எவ்வளவு பாரம் இழுத்தாலும் நழுவாது, பாரம் இறங்கிய பின் விரலால் நெகிழ்த்தினால் அவிழ்ந்துவிடும் என்ற அளவில் சொல்லிவைக்கிறேன். அதை இருட்டில், முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு போடப் பழகினோம்.

இப்போது நான் சொல்லவந்த பழக்கத்துக்கு வருகிறேன். கப்பலில் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் காவல் முறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். மாலை நான்கு முதல் எட்டு வரையிலான முறையை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக உடைத்துவிடுவார்கள். அதனால் மொத்தம் ஏழு முறைகள் ஆகின்றன. ஒற்றைப்படை எண்ணாக இருப்பதால் ஒருவனுக்கே நாள்தோறும் அதே நேரம் வந்து விழாது. யாரோ முன்னோர் யோசித்து வைத்த இந்த நியாயத்தை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் நள்ளிரவு முதல் நான்கு மணி வரையிலான முறை அத்தனை கடினமானது.

என் முதல் நள்ளிரவு முறையை நான் மறக்கவில்லை. பயிற்சியின்போது துறையோரக் காவலில் என்னை நிறுத்தியிருந்தார்கள். நான்கு மணிக்கு என்னை விடுவிக்க வேண்டியவன் வரவில்லை. நாலேகால் ஆயிற்று, நாலரை ஆயிற்று. அவன் தூங்கிவிட்டான் என்று எண்ணி, எழுப்பிவரலாம் என்று இருபது அடி நடந்திருப்பேன். இருட்டிலிருந்து ஒரு குரல், அதுவும் தமிழில், "தம்பி, எங்கே போகிறாய்?" என்று கேட்டது. மைதானத்தில் எங்களிடம் மலாய் தவிர வேறெதுவும் பேசியிராத தமிழரான பெட்டி ஆபிசர் அவர். நான் காரணம் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, நான் விட்டுவந்த இடத்தைக் காட்டினார். "அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். யாருமில்லை. "அடுத்தவன் வந்து நின்று, நான் ஏற்றுக்கொண்டேன் என்று வாயால் சொல்லாதவரை அந்த இடம் உன்னுடையது. அவன் வர விடிந்தாலும் சரி." அவ்வளவுதான் சொன்னார். பிறகு விடியும்வரை என்னோடு கூடவே நின்றார்.

இன்னொன்றையும் அவரே சொல்லிக்கொடுத்தார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வரும் கண் உடனே பார்க்காது. பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஆகவே கடலை நோக்கும் காவலுக்கு வருபவன் முன்கூட்டியே வந்து இருட்டில் நிற்க வேண்டும். மங்கலான விளக்கை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும், சற்றே பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் என்பதையும் அன்று கற்றேன். நேயர்கள் இன்றிரவு மங்கிய நட்சத்திரம் ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பின்னாளில் கேடி முத்தியாராவில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். கடலின் ஆழத்தை அளந்து வரைபடத்துக்குக் குறிப்பெடுக்கும் அந்தக் கப்பல் நம் பட்டர்வொர்த்திலேயே கட்டப்பட்டது. அதன் மேல்தளத்தில் நின்ற இரவுகளிலும், என்னை விடுவிக்க வருபவனின் காலடி கேட்கும்வரை அந்த உட்லண்ட்ஸ் குரல்தான் எனக்குத் துணை.

1996இல் ஓய்வு பெற்றேன். சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் 21 ஆண்டுப் பணி நிறைந்தால்தான் ஓய்வூதியம்; அது நிறையும்போது பலருக்கு நாற்பது வயதுகூட முழுதாகத் தாண்டியிருக்காது. உறவினர் வீட்டு விசேஷங்களில், "இந்த வயதில் ஓய்வா, உடம்புக்கு ஏதாவதா?" என்று அக்கறையோடு கேட்பார்கள். அதைவிடப் பெரிய துயரம் வேறொன்று. தளத்தின் வாயிலைத் தாண்டி வெளியே வந்த அந்தப் பிற்பகலில், என் இடத்தில் வந்து நின்று "ஏற்றுக்கொண்டேன்" என்று யாரும் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டு வழக்கம் அப்படியே அந்தரத்தில் நின்றது. பல மாதங்கள் இரவு பதினொன்றே முக்காலுக்குத் தானாக விழிப்பு வந்து, படுக்கையில் உட்கார்ந்திருப்பேன். என் மனைவியும் எழுந்து, ஒன்றும் கேட்காமல் காப்பி கலக்கிக் கொடுப்பார்.

பிறகு ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலைக்குப் போனேன். கடற்படையில் காவலுக்கு வழங்கிய மலாய்ச் சொல்லும் அதே ஜாகாதான். அதனால் அந்த வேலையை நான் ஒருநாளும் தாழ்வாக எண்ணியதில்லை. காலை ஏழு மணிக்கு மாற்றாள் வராத நாளில் பத்து மணிவரை வாயிலில் நின்றிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற நாங்கள் எட்டுப் பேர், ஞாயிறு காலையில் பாடாங் கோட்டா லாமாவில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே கடலைப் பார்த்து உட்காரும் வழக்கம் வைத்திருந்தோம். தமிழர் ஐவர், மலாய்க்காரர் இருவர், சீனர் ஒருவர். ஒரு ஞாயிறு எங்களில் மூத்த அண்ணன் ஒருவர் வரவில்லை. மழையாக இருந்ததால் வரவில்லை என்று எண்ணிக் கலைந்துபோனோம். மறு ஞாயிறும் வரவில்லை. அப்போதுதான் நானும் மற்றொருவரும் ஜெலுத்தோங்கில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். மனைவியை இழந்து தனியாக இருந்தவர். கதவைத் திறக்கவே அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. காலில் புண் வைத்து, காய்ச்சலில் படுத்திருந்தார். மேசையில் பாதி குடித்த கிண்ணத்தின் விளிம்பு முழுவதும் எறும்பு. கட்டிலின் காலடியிலோ துண்டும் சட்டையும் கைலியும் ஒரே அகலத்துக்கு மடித்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவரை மருத்துவமனையில் சேர்த்தோம், கால் தப்பியது.

ஒரு வாரம் முழுவதும் அவருடைய காவலில் யாரும் நிற்கவில்லை என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. அதன் பிறகு ஒரு பட்டியல் எழுதினோம். இரவு எட்டு மணிக்கு, கப்பலில் இரவின் முதல் காவல் தொடங்கும் அதே நேரத்துக்கு, அன்றைய முறைக்காரர் மற்ற எல்லாரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மறுநாள் முறைக்காரரிடம் பேசி, அவர் "ஏற்றுக்கொண்டேன்" என்று சொன்ன பின்பே அவருடைய பொறுப்பு நீங்கும். பதினோரு ஆண்டுகளாக இது ஓர் இரவும் தவறவில்லை. எட்டுப் பேரில் இப்போது ஐவர் இருக்கிறோம். காலமான மூவரின் மனைவியரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். அவர்களும் முறை ஏற்று எங்களை அழைக்கிறார்கள்.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. விரிவாகச் சொல்ல எண்ணியிருந்த ஒன்றைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியக்காரர் காலமானால் அந்த ஓய்வூதியம் மனைவிக்கு மாறும். அதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிவுசெய்வது 1982 மார்ச் 1 முதல் சட்டப்படி கட்டாயம். கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்ட நம்மவர்கள் இருக்கிறார்கள். கணவர் இருக்கும்போதே பதிவை முடித்துக்கொள்ளுங்கள். சான்றிதழையும் பணிநீங்கிய ஆவணத்தையும் ஒரே உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் காட்டிவையுங்கள். 21 ஆண்டு நிறையாமல் வெளிவந்தவர்களும் முன்னாள் படைவீரர் விவகாரத் துறையில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

இன்று எட்டு மணிக்கு என் முறை. வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.