அடித்தவரும் வாய் திறக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'அரசியல் வன்முறையையும் கலவரத்தையும் பதிவு செய்யும் ஆவணப்படத்தில், அந்த வன்முறையைச் செய்தவரையே பேச வைப்பது சரியா, தவறா' என்பது இன்றைய தலைப்பு. தவறு என்று வாதிட்ட எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை வைத்தார். கொன்றவருக்கு மேடை போட்டுக் கொடுக்கிறோம் என்றார். அவர் பொய்தான் சொல்வார் என்றார். அவர் பேசக் கேட்டால், இழந்தவர்களின் புண் மறுபடியும் கீறப்படும் என்றார். முதல் இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது அப்படித் தள்ளிவிடக்கூடியது இல்லை என்பதால், என் நேரத்தின் பெரும்பகுதியை அதற்கென்றே வைத்திருக்கிறேன்.

2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றமான கேப்பிடல் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் புகுந்தபோது, எத்தனையோ பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடியேதான் உள்ளே போனார்கள். தாங்கள் செய்ததைத் தாங்களே படமெடுத்து, தாங்களே உலகுக்குக் காட்டினார்கள். வழக்கு நடந்தபோது அந்தக் காட்சிகளே அவர்களுக்கு எதிரான சான்றுகளாகவும் ஆயின. ஆவணப்படக்காரர் இடம் கொடுத்துத்தான் கலவரக்காரருக்கு மேடை கிடைக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது, நடுவர் அவர்களே. அந்த மேடையில் இல்லாத ஒன்றைத்தான் ஆவணப்படம் தருகிறது: எதிரே உட்கார்ந்து, "அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும் ஓர் ஆள். அதே ஆண்டு ஜேமி ராபர்ட்ஸ் இயக்கத்தில் வந்த 'ஃபோர் அவர்ஸ் அட் தி கேப்பிடல்' என்ற ஆவணப்படத்தில், உள்ளே புகுந்தவர்கள் தங்கள் நியாயத்தைச் சொல்வதும், அங்கே அடிபட்ட காவலர்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்வதும் ஒரே படத்துக்குள் வருகின்றன. 2025 ஜனவரி 20 அன்று அந்தக் கலவர வழக்குகளில் சிக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்கு அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. தண்டனையைத் துடைத்துவிட்டார்கள், கேமராவின் முன் சொன்ன சொற்களைத் துடைக்க அந்த மன்னிப்பால் முடியவில்லை.

அடுத்தது, பொய். சொல்லட்டும் என்கிறேன். 1965, 66 ஆண்டுகளில் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்களுக்கு வேண்டியவர்கள் என்றும் முத்திரை குத்திக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 5 லட்சம் பேர் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. 10 லட்சம் என்போரும் உண்டு. அதையடுத்து நாட்டைப் பிடித்த இராணுவத் தளபதி சுகார்த்தோவின் ஆட்சியில், அந்தக் காலத்து நிகழ்வுகளை அரசின் கண்கொண்டு சொல்லும் திரைப்படம் ஒன்று ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப்பட்டு வந்தது. ஜோஷுவா ஓப்பன்ஹைமர் 2012இல் வெளியிட்ட 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' ஆவணப்படத்தில், அன்று கொலை செய்த இருவர் அந்தப் பிரசாரப் படத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் படம் ஒன்றுதான் தனக்குக் குற்ற உணர்வு வராமல் பார்த்துக்கொள்கிறது என்கிறார் ஒருவர். அது பொய் என்கிறார் மற்றவர். பல்லாண்டுகள் பிள்ளைகளுக்குக் காட்டிய ஒரு பொய்யைப் பொய் என்று, அந்தப் பொய்யால் நன்மை அடைந்தவரே சொல்வதைக் காட்டிலும் வலுவான சாட்சியம் எதுவென்று எதிரணி சொல்லட்டும்.

இழந்தவர்களின் புண்ணுக்கு வருவதற்கு முன், நம் மொழியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று அவையைக் கேட்டுக்கொள்கிறேன். கலவரச் செய்திகளை நாம் எப்படி எழுதுகிறோம்? 'கலவரம் வெடித்தது', 'வன்முறை பரவியது', 'வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது', 'இத்தனை பேர் பலியாயினர்.' ஒரு வாக்கியத்திலாவது தீ வைத்த ஆள் எழுவாயாக வருகிறாரா? கலவரம் பட்டாசைப் போலத் தானே வெடிக்கிறது, காய்ச்சலைப் போலத் தானே பரவுகிறது. செத்தவர்தான் ஏதோ ஒன்றைச் செய்தவரைப் போல 'பலியாகிறார்'. எப்போதாவது எழுவாய் வந்தாலும் 'கும்பல்' என்றுதான் வரும். கும்பலுக்கு முகம் கிடையாது, வயது கிடையாது, மறுநாள் காலையில் கடையைத் திறக்கப் போகிற அவசரம் கிடையாது. கும்பலில் நின்ற ஒவ்வொருவருக்கும் இவை எல்லாம் உண்டு. பாதிக்கப்பட்டவரை மட்டுமே பேச வைக்கிற ஆவணப்படம், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எடுக்கப்பட்டாலும், படம் முழுவதையும் செயப்பாட்டு வினையிலேயே எழுதி முடித்துவிடுகிறது. பார்ப்பவர் கண்ணீர் விடுகிறார், வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் விடுவதைப் போலவே விடுகிறார். யார், எப்படி, யார் சொல்லி என்ற கேள்விகளின் சுமை, ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்து நிற்பவரின் தலையிலேயே மறுபடியும் ஏறுகிறது.

அந்த இழந்தவர்கள் என்ன விரும்புகிறார்கள்? கொன்றவரைப் படமெடுத்தால் அவர்கள் நோவார்கள் என்று எதிரணி அவர்களுக்காகப் பேசியது. ஓப்பன்ஹைமரின் படம் எப்படித் தொடங்கியது என்பது பதிவாகியிருக்கும் செய்தி. வடக்கு சுமத்ராவில் அவர் முதலில் படமெடுக்கப் போனது உயிர் பிழைத்தவர்களைத்தான். அவர்கள் பேசக் கூடாது என்று இராணுவத்திடமிருந்து மிரட்டல் வந்தது. படத்தைக் கைவிடலாமா என்ற நிலையில், "கொன்றவர்களைப் படமெடுங்கள், அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்" என்று வழிகாட்டியவர்களே உயிர் பிழைத்தவர்கள்தான். தங்கள் வாயை அடைத்திருந்த நாட்டில், அடைக்கப்படாத வாய் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்படி அவர் சந்தித்த கொலையாளிகளில் 41ஆவது ஆள் அன்வர் காங்கோ. சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட்டைக் கள்ளச் சந்தையில் விற்றுத் திரிந்து, பிறகு கொலைக்கு வந்தவர்.

மேதான் நகரத்தில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி. அடித்துக் கொன்றால் இரத்த நாற்றம் தாங்கவில்லை என்பதால் கம்பியால் கழுத்தை இறுக்கும் முறைக்கு மாறியதை, உடன் வந்தவரின் கழுத்தில் கம்பியைச் சுற்றியே காட்டுகிறார் அன்வர். காட்டி முடித்ததும் அங்கேயே ஆடவும் செய்கிறார். பின்னர் அந்தக் காட்சியை அவருக்கே போட்டுக் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு அவர் குறை சொல்வது எதை? தான் அணிந்திருக்கும் வெள்ளைக் கால்சட்டையை. இந்த வேலைக்கு அன்றைக்கு வெள்ளை போட்டிருக்க மாட்டாராம். அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட அருவருப்பை எந்தப் புள்ளிவிவரமும் தந்ததில்லை. கொலை ஒரு மனிதருக்குத் துணி தேர்ந்தெடுக்கிற அளவுக்குச் சாதாரணமாகிப் போவதை வேறு எப்படி நாம் தெரிந்துகொள்ள முடியும்? படத்தின் பிற்பகுதியில், கொல்லப்படுபவராகத் தானே நடித்த காட்சியைப் பார்த்துவிட்டு, தன்னிடம் சிக்கியவர்களும் இப்படித்தான் உணர்ந்திருப்பார்களா என்று கேட்கிறார். இயக்குநர் ஆறுதல் சொல்லவில்லை. அவர்கள் இதைவிடக் கொடுமையாக உணர்ந்திருப்பார்கள், உங்களுக்கு இது படம் என்று தெரியும், அவர்களுக்குச் சாகப்போவது தெரியும் என்று பதில் சொல்கிறார். மேடை போட்டுக் கொடுப்பவர் பேசுகிற பேச்சா இது? மறுபடியும் அதே மொட்டை மாடிக்கு வரும் அன்வர், இம்முறை ஆடவில்லை. குமட்டிக் குமட்டி நிற்கிறார்.

கம்போடியாவின் ரித்தி பான் 2003இல் எடுத்த 'எஸ்-21' படம் இன்னும் கண்டிப்பானது. புனோம் பென்னில் பள்ளிக்கூடமாக இருந்து தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் ஆட்சியில் சித்திரவதைச் சிறையாக மாறிய துவோல் ஸ்லெங்கிலேயே, முன்னாள் காவலர்களை உயிர் தப்பிய கைதியான ஓவியர் வான் நாத்தின் எதிரே உட்கார வைக்கிறார் பான். நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான் என்கிறார்கள் காவலர்கள். அப்படியானால் இங்கே செத்தவர்கள் யார் என்று கேட்கிறார் வான் நாத். அதே படத்தில் ஒரு காவலர், ஆளே இல்லாத அறைக்குள் புகுந்து, இல்லாத கைதிகளை அதட்டிப் பழைய வேலையை அப்படியே செய்து காட்டுகிறார். கேமரா அவர் பின்னால் உள்ளே போகவில்லை, வெளியிலேயே நின்றுவிடுகிறது. போனால், தரையில் கிடந்தவர்கள் மேல் நாமும் நடப்பதாகிவிடும் என்பது பானின் எண்ணம். பேச வைப்பது வேறு, உடன் நிற்பது வேறு என்பதற்கு அந்த வாசற்படியை விட நல்ல எல்லைக்கோடு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அணிக்கும் சங்கடங்கள் உண்டு. எதிரணி எழுப்பட்டும் என்று காத்திருக்காமல் நானே சொல்கிறேன். யூத இனப்படுகொலையைப் பற்றிய 'ஷோவா' ஆவணப்படத்தில் அதன் இயக்குநர் குளோட் லான்ஸ்மான், நாஜி வதைமுகாமில் பணியாற்றிய ஒருவரிடம் பெயரை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, மறைகேமராவில் எடுத்து, பெயரோடு வெளியிட்டார். அது சரியென்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மற்றொன்று, 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' படத்தை மட்டும் பார்த்தவர், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் எங்கே என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது.

அதற்கு ஓப்பன்ஹைமரே 2014இல் 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' படத்தில் பதில் தந்தார். அண்ணனைப் பறிகொடுத்த ஒருவர், ஊர் ஊராகப் போய்க் கண் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர், அண்ணனைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்களின் கண்ணைச் சோதித்துக்கொண்டே அந்த நாட்களைப் பற்றிக் கேட்கிறார். படம் வெளியாவதற்காக அவர் குடும்பம் சொந்த ஊரை விட்டே இடம்பெயர வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் ஒரு முதியவர், அருகில் அவருடைய மகள். அப்பா கம்யூனிஸ்டுகளை ஒழித்தவர் என்பதில் அவளுக்குப் பெருமை. பேச்சுப் போக்கில், கொல்லப்பட்டவர்களின் இரத்தத்தைக் குடித்ததாக அப்பா சொல்கிறார். அவளுக்கு அது தெரியாது. முகம் மாறி, பேச்சற்றுப் போய், பிறகு தன்னைத் திரட்டிக்கொண்டு, எதிரே இருப்பவரிடம் அப்பாவை மன்னிக்கும்படி கேட்கிறாள். அவர் அவளை அணைத்துக்கொள்கிறார், அந்த முதியவரையும்.

எதிரணி சொல்வதைக் கேட்டு அந்த முதியவரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால், அந்த மகளும் சேர்ந்து போய்விடுவாள். அவளைப் பாதிக்கப்பட்டவர் வரிசையில் உட்கார வைப்பதா, பாதித்தவர் வரிசையிலா என்று நடுவர் அவர்களே முதலில் சொல்லுங்கள். தீர்ப்பை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.