செக்மேட் ஆனது 10ஆவது நகர்வில். தவறு நடந்தது 5ஆவதில்

[திரையில்: தொடக்க நிலையில் செஸ் பலகை]

வணக்கம். ஆன்லைனில் செஸ் ஆடத் தொடங்கிய யாரும் ஒரு முறையாவது மாட்டியிருக்கக்கூடிய ஆட்டம் ஒன்றை இன்று பார்க்கப் போகிறோம். டூ நைட்ஸ் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசையில், வருகிற ஃப்ரைட் லிவர் தாக்குதல். சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் அறியப்பட்ட தாக்குதல் இது. இன்றும் தினமும் பல ஆட்டங்களை முடித்துவைக்கிறது.

[திரையில்: நகர்வுகள் ஒவ்வொன்றாக]

வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3க்கும் கறுப்புக் குதிரை சி6க்கும் வெளியே வருகின்றன. வெள்ளை பிஷப்பை சி4ல் வைக்கிறார். கறுப்பு இரண்டாவது குதிரையை எஃப்6க்குக் கொண்டுவருகிறார். உடனே வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்கிறது. குறி எஃப்7 சிப்பாய். பிஷப்பும் குதிரையும் அதைத் தாக்குகின்றன. காவலுக்கு ராஜா மட்டும்தான்.

கறுப்பு டி5 ஆடி பிஷப்பின் வழியை மறிக்கிறார். நல்ல பதில். வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டுகிறார். கறுப்பு எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டுகிறார்.

[திரையில்: எஃப்7 சிவப்பாக மின்னுகிறது]

இப்போது வெள்ளைக் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டி ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. ராஜா அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியதும் வெள்ளை ராணி எஃப்3ல் செக். நடுவில் நிற்கிற கறுப்புக் குதிரை மீதும் குறி. பயந்துபோன கறுப்பு ராஜாவை ஜி8க்கு நகர்த்துகிறார். பிஷப் டி5 குதிரையை வெட்டி செக். கறுப்பு ராணி பிஷப்பை வெட்ட, வெள்ளை ராணி அதை வெட்டி மறுபடி செக். கறுப்பு பிஷப் ஈ6ல் குறுக்கே வருகிறது. ராணி அதையும் வெட்டுகிறது. 10ஆவது நகர்வில் செக்மேட்.

ஆட்டம் முடிந்ததும் பெரும்பாலோர் செய்வது என்ன? எஞ்சினை, அதாவது ஆட்டத்தை அலசிச் சொல்லும் கணினி நிரலை, திறப்பார்கள். 7ஆவது நகர்வில், ராஜா ஜி8க்குப் போன இடத்தில், பெரிய சிவப்புக் குறி இருக்கும். “ஓ, ராஜாவை ஈ6க்குக் கொண்டுபோயிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

எஞ்சின் சொன்னது உண்மைதான். ஈ6க்குப் போனால்தான் டி5 குதிரைக்குப் போதுமான காவல் இருக்கும். ஆனால் ராஜா பலகையின் நடுவில் நிற்கும். வெள்ளை அடுத்த குதிரையை சி3க்குக் கொண்டுவந்து அதே டி5ஐ மூன்றாவது காயாலும் தாக்குவார். சில நிமிடங்கள் மட்டும் வைத்து ஆடுகிறவருக்கு இந்த நிலையில் தற்காத்துக்கொள்வது ரொம்பக் கடினம். ஆகவே 7ஆவது நகர்வைத் திருத்திக்கொள்வதால் பெரிதாகப் பயன் இல்லை. நாம் பார்க்க வேண்டியது 5ஆவது நகர்வு.

[திரையில்: 5ஆவது நகர்வுக்குத் திரும்புகிறோம், எஃப்6 குதிரை பச்சை நிறத்தில்]

இந்தக் குதிரையைக் கொஞ்சம் கவனியுங்கள். அது எஃப்6ல் இருக்கும்வரை எஃப்3க்கு வருகிற வெள்ளை ராணியால் செக் கொடுக்க முடியாது, குறுக்கே குதிரை நிற்கிறது. வெள்ளைச் சிப்பாய் டி5ல் நிற்பதால் வெள்ளை பிஷப்பின் வழியும் அடைபட்டிருக்கிறது. அதாவது வெள்ளையின் சொந்தக் காயே அவருடைய தாக்குதலுக்குத் தடை. கறுப்பு அந்தச் சிப்பாயை வெட்டும்போது தன் காவல்காரனை விலக்கி, எதிராளியின் தடையையும் தானே நீக்கிக் கொடுக்கிறார்.

சரி, வேறென்ன ஆடலாம்? சி6 குதிரையை ஏ5க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குவதுதான் பலரும் ஆடுகிற பதில். பிஷப் பி5ல் செக் கொடுக்கும். கறுப்பு சி6 ஆடுவார். சிப்பாய்கள் வெட்டிக்கொண்ட பிறகு கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் வெள்ளையின் பிஷப்பும் குதிரையும் பின்வாங்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் கறுப்புக் காய்கள் வேகமாக வெளியே வரும்.

ஒரு சிப்பாயை விட்டுக்கொடுக்க மனசு வராததுதான் இங்கே பிரச்சினை. “அவர் வெட்டினார், நான் திருப்பி வெட்டுகிறேன்.” இந்த எண்ணத்தைத்தான் குறித்து வைக்க வேண்டும். ஃப்ரைட் லிவரை மனப்பாடம் செய்தால் இந்த ஒரு பொறியிலிருந்துதான் தப்பலாம். யோசிக்காமல் திருப்பி வெட்டுகிற பழக்கம் வேறு ஓப்பனிங்கிலும் கடைசிக்கட்ட ஆட்டத்திலும் கூடவே வரும்.

அது பெரிய ஆட்டக்காரர்களையும் விடுவதில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டத்தில், 55ஆவது நகர்வில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2க்கு நகர்த்தினார். யானைகளை மாற்றிக்கொண்டால் ஆட்டம் எளிதாகும் என்று தோன்றுகிற இடம். ஆனால் யானைகள் போனதும் பிஷப்புகளையும் மாற்றிவிட குகேஷுக்கு வழி கிடைத்தது. மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் அவருக்கு வெற்றி. சென்னைப் பையன் 18 வயதில் உலக சாம்பியன்.

[திரையில்: ஒரு நோட்டுப் பக்கம்]

அதனால் தோற்ற ஆட்டத்தை முதலில் எஞ்சின் இல்லாமல் பாருங்கள். நினைவு மங்குவதற்குள், எந்த நகர்வில் என்ன நினைத்தீர்கள், எதிராளி என்ன ஆடுவார் என்று எதிர்பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஆன்லைன் ஆட்டம் என்றால் ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்த நேரத்தையும் பாருங்கள். அந்த 5ஆவது நகர்வை இரண்டு நொடியில் ஆடியிருந்தால், தெரியாமல் தோற்றதாகச் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை. அப்புறம் எஞ்சினைத் திறந்து, நீங்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

சோவியத் யூனியனைச் சேர்ந்த முன்னாள் உலக சாம்பியன் மிகயீல் போட்வின்னிக் இதில் கறாரானவர். ஆட்டக்காரர் தன் ஆட்டங்களைத் தானே அலசி, மற்றவர்கள் குறை சொல்லும்படி வெளியிடவும் வேண்டும் என்றவர். 1957ல் ஸ்மிஸ்லோவிடம் உலகப் பட்டத்தை இழந்து 1958ல் மீட்டார். 1960ல் தாலிடம் இழந்து 1961ல் 13-8 என்று மீட்டார்.

[திரையில்: மறுபடியும் 5ஆவது நகர்வு முடிந்த நிலை]

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. கறுப்பு டி5ல் வெட்டிய இதே நிலையில் வெள்ளை குதிரையைப் பலி கொடுக்காமல் முதலில் டி4 ஆடினாலும் கறுப்புக்குச் சிக்கல்தான். ஏன் என்று பலகையில் காய்களை வைத்து, எஞ்சினைத் திறக்காமல் கண்டுபிடியுங்கள். பதிலை கமெண்டில் எழுதுங்கள்.